டென்ஷன் இல்லாத பத்திர ஆபீஸ்

இந்தப் பக்கம் உட்காருங்க. அது வெயிலடிக்கற பக்கம். தெனமும் இந்த பஸ்ஸுல வர்றவன் சொல்றேன், கேளுங்க. பையை மடியில வெக்காதீங்க, கீழ வைங்க. இன்னும் கீழ. காலுக்கு அடியில தள்ளுங்க. ஏனுங்க, நான் சொல்றது கேக்குதுங்களா? ஆ, அப்படி. இப்பப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்குது.

கோவிச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. "ஆபீஸ்ல ஒரே டென்ஷன், தலை வெடிக்குது"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுசன் பக்கத்துலதான் உட்காரோணும்னு. ஏன்னா இந்த டென்ஷன் சமாச்சாரத்துல எனக்கு ஒரு வருச அனுபவமுங்க. அனுபவம்னா, டென்ஷன் பட்ட அனுபவம் இல்ல. ஒழிச்ச அனுபவம்.

என்ற பேரு கனகசபாபதி. உடுமலையில பத்திர எழுத்தர். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நேர் எதுத்தாப்ல நம்ம ஆபீஸ். அப்பா காலத்துல இருந்து. வீடு, காடு வாங்கறவங்க விக்கறவங்களுக்குப் பத்திரம் எழுதி, தாய்ப்பத்திரம் பாத்து, வில்லங்கம் பாத்து, ரிஜிஸ்டர் முடிச்சுக் கையில குடுக்கற வரைக்கும் நம்ம பொறுப்பு. லேசான வேலை இல்லீங்க. கிழக்குன்னு போடற எடத்துல மேற்குன்னு போட்டா ஒருத்தனோட கெணறு இன்னொருத்தன் கைக்குப் போயிரும்.

ஆபீஸ்ல மூணு பேரு. டைப் அடிக்கறது துளசிமணி, பத்தொம்பது வருசமா இருக்குது. ஆன்லைன்ல பதியறது, ஸ்கேன் பண்றதெல்லாம் ரஹமத்நிஷா. அப்பறம் பெரியநாயகம் ஐயா. அவரு எங்கப்பாகிட்ட வேலைக்குச் சேந்தவரு, அறுவத்தஞ்சு வயசு, என்னைத் தம்பின்னுதான் கூப்புடுவாரு. பார்ட்டிகளை ரிஜிஸ்டர் ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போயி கைரேகை வெக்க வெச்சு, போட்டோ எடுத்துக் கூட்டிட்டு வர்றது அவரு வேலை.

போன வருசம் எனக்கு லேசாத் தலைசுத்தல். டாக்டர்கிட்டப் போனேன். கையில பட்டையைக் கட்டி, புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுப் பாத்துட்டு, "நூத்தி எழுவது இருக்குதுங்க. ஆபீஸ்ல டென்ஷன் ஜாஸ்திங்களா?"ன்னாரு.

"நெம்ப ஜாஸ்திங்க டாக்டர். மூணு பேரு இருக்காங்க. மூணு பேரும் டென்ஷன் பார்ட்டிங்க"ன்னேன்.

"நான் கேட்டது உங்களுக்கு."

"எனக்கென்னங்க? நான் அமைதியா இருக்கறதாலதான அந்த ஆபீஸே ஓடுது!"

அவரு கதவுப் பக்கம் எட்டிப் பாத்தாரு. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, வெளிய பேஷண்டுக எந்திரிச்சு நிக்கறாங்க"ன்னாரு. அவருக்கும் டென்ஷன், பாவம்.

திரும்பி ஆபீஸ் வந்து ஒரு வாரம் கவனிச்சனுங்க. டாக்டர் சொன்னது சரிதான். அந்த மூணு பேரும் சாதாரணமா இல்ல. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாப் போதும், பெரியநாயகம் ஐயா கையில இருக்கற முத்திரை கீழ விழுந்துரும். நான் உள்ள காலை வெச்சா ரஹமத்நிஷா பாத்ரூமுக்குப் போயிரும். துளசிமணி கீபோர்டுல டக்கு டக்குன்னு அடிக்கற அடியில 'ழ'கரமே தேஞ்சு போச்சு. நான் ஒரு சர்வே நம்பரைச் சொன்னா மூணு பேரு தோளும் காது வரைக்கும் ஏறும். நானோ தெளிவாப் பேசறவன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எளநி வெட்டுறவரு இருக்காரு பாருங்க, அன்னன்னைக்கு நம்ம ஆபீஸ்ல எழுதற பத்திரத்தோட சர்வே நம்பர் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அவ்வளவு தெளிவு. அப்படிப்பட்ட ஆள்கிட்ட வேலை பாத்தும் இவங்களுக்கு ஏன் டென்ஷன்? எனக்குப் புரியவே இல்ல.

எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "ஆமாமா, ஆபீஸ்ல மட்டும்தான்"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. பாருங்க, வீட்டுக்கே தெரியுது.

அப்பறமுங்க, கோயமுத்தூர்ல ஒருநாள் பயிற்சின்னு பேப்பர்ல பாத்தேன். 'அலுவலகத்தில் மன அழுத்தம் நீங்க.' போனேன். காதுல மைக் மாட்டிட்டு ஒரு தம்பி பேசுனாரு. கண்ணை மூடி, உங்களுக்கு அமைதியான ஒரு எடத்தை மனசுல கொண்டுவாங்கன்னாரு. பக்கத்துல இருந்தவரு அருவின்னாரு, ஒரு அம்மிணி கடற்கரைன்னுச்சு. எனக்கு ஞாயித்துக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்துச்சுங்க. பூட்டிக் கெடக்குது, ஒரு ஈ காக்கா இல்ல. கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

கடைசியில ஆளுக்கொரு தாள் குடுத்தாரு. "உங்க ஆபீஸ்ல டென்ஷனைக் கொண்டு வர்ற ஆள் யாருன்னு எழுதுங்க. நல்லா யோசிச்சு, நேர்மையா எழுதுங்க. யாருகிட்டயும் காட்ட வேண்டாம்"ன்னாரு. நான் மூணு பேரையும் எழுதுனேன். எடம் மிச்சம் இருந்துச்சுன்னு இன்டர்நெட்காரர், எளநிக்காரர் ரெண்டு பேரையும் சேத்தேன். பக்கத்துல இருந்த சிங்காநல்லூர்க்காரரு ஒரே ஒரு பேரை எழுதிட்டுக் குனிஞ்சு அழுதுட்டிருந்தாரு. எட்டிப் பாத்தேன். அவரு பேரையே எழுதியிருக்காரு. பாவம், கேள்வி புரியல அவருக்கு.

திங்கக்கெழமை ஆபீஸ் வந்ததும் மூணு பேரையும் நிக்க வெச்சுச் சொன்னேன். "இன்னையிலிருந்து இந்த ஆபீஸ்ல யாரும் டென்ஷன் ஆகக்கூடாது. ஆனீங்க, பாத்துக்கோங்க!"

மொதல்ல சிரிப்புப் பயிற்சி. காலைல ஒம்போதுலிருந்து ஒம்போதேகால் வரைக்கும் கையைத் தூக்கி, ஹஹ்ஹஹான்னு வாய்விட்டுச் சிரிக்கோணும். பெரியநாயகம் ஐயாவுக்குப் பல்செட்டு. மொத நாளே கழண்டு ஸ்டாம்ப் பேப்பர் மேல விழுந்துச்சு. அதுக்கு மட்டும் மத்த ரெண்டு பேரும் நெசமாவே சிரிச்சாங்க. மூணாம் நாளு நாலு பேரும் கையைத் தூக்கிச் சிரிச்சிட்டிருக்கோம், வாசல்ல ஒருத்தரு வந்து நிக்கறாரு. மொட்டை அடிச்சிருக்காரு. அப்பா தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிச்சிட்டு, பாகப்பிரிவினைக்கு வந்திருக்காரு. எங்களைப் பாத்தாரு. நான் சிரிப்பை நிறுத்தலீங்க. பாதியில நிறுத்துனா நெஞ்சுக்கு ஆகாதுன்னு பயிற்சி குடுத்த தம்பி சொல்லியிருந்தாரு. சிரிச்சிட்டே "வாங்க, உட்காருங்க"ன்னேன். அவரு அப்படியே திரும்பிப் பக்கத்து ஆபீசுக்குப் போயிட்டாரு. டென்ஷன் பார்ட்டி.

ரெண்டாவது, டென்ஷன் நோட்டு. ஒரு நீள நோட்டு வாங்கி, நானே ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன். நேரம், என்ன டென்ஷன், யாரால. யாருக்கு டென்ஷன் வந்தாலும் உடனே எழுதோணும். மொத நாளே ரஹமத்நிஷா எழுதுச்சு: '9.40. இந்த நோட்டை எழுதச் சொன்னதால்.' எனக்கு நெம்ப சந்தோசம். பாருங்க, நோட்டுப் போட்டு அஞ்சு நிமிசத்துல ஒரு டென்ஷனைப் புடிச்சிருச்சு.

ஒரு வாரத்துல நாலு பக்கம் ரொம்பிருச்சு. அதுல 'யாரால'ங்கற எடத்துல மூணு பேரும் ஒரே மாதிரி 'க.ச., க.ச.'ன்னு எழுதியிருக்காங்க. வரிசையா க.ச. எனக்கு மொதல்ல புரியல. ராத்திரி சோறு உங்கறப்ப பளிச்சுன்னு புரிஞ்சுது. கணினி, சர்வர்! அதானுங்க, இந்த ஆன்லைன் வந்ததுல இருந்து அது ஒண்ணுதான எல்லாருக்கும் தலைவலி. காலைல இன்டர்நெட்காரரைக் கூப்புட்டு ஒரு மணி நேரம் அமைதியா எடுத்துச் சொன்னேன். அவரு வயரையெல்லாம் மாத்திக் குடுத்துட்டு, போறப்பத் துளசிமணிகிட்ட, "அந்த நோட்டுல நானும் ஒரு வரி எழுதிட்டுப் போகட்டுங்களா?"ன்னு கேட்டாரு. நல்ல விஷயம்னா யாருக்கும் புடிக்கும்.

மூணாவதுதான் முக்கியம். அமைதி நேரம். பதினொண்ணுலிருந்து பன்னெண்டு வரைக்கும் ஆபீஸ்ல யாரும் பேசக்கூடாது. ஏன் அந்த நேரம்னா, அப்பதான் கூட்டம் ஜாஸ்தி. டென்ஷன் வர்ற நேரத்துலதான அமைதி வேணும்? சின்னதா ஒரு பித்தளை மணி வாங்குனேன். பதினொண்ணுக்கு ஒருக்கா அடிப்பேன், பன்னெண்டுக்கு ஒருக்கா அடிப்பேன். நடுவுல பேச்சு இல்ல. சைகையும் பேச்சுதான், சீட்டு எழுதிக் காட்டுறதும் பேச்சுதான்னு சுத்தமாச் சொல்லிட்டேன். நான் மட்டும் பேசலாம். அமைதியா இருங்கன்னு யாராச்சும் சொல்லோணும்ல?

ஆவணி மாசம் வந்துச்சு. ஒரு முகூர்த்த நாளு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூட்டம்னா கூட்டம், நிக்க எடமில்ல. நம்ம ஆபீஸ்ல அன்னைக்கு ஒரு கிரயம். விக்கறவரு ஞானப்பிரகாசம், சார்ஜாவுல வேலை. ஒரு வாரம் லீவுல வந்தவரு, அன்னைக்கே சாயங்காலம் ஏர்போர்ட்டுக்குக் கெளம்போணும். விட்டா மறுபடி அடுத்த வருசம்தான். வாங்கறது சிந்தாமணி டீச்சர். ஐம்பத்திநாலு வயசு, ஒண்டி ஆளு, சர்க்கார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். இது வரைக்கும் பதினோரு வாடகை வீடு மாறியிருக்காங்க. ஒரு வீட்டுல சத்தமா இருமுனாங்கன்னு காலி பண்ணச் சொன்னாங்களாம். இப்பத்தான் காந்தி நகர்ல ஒரு சின்ன ஓட்டு வீடு, சொந்தமா. காலைல வர்றப்பவே ஒரு ஸ்டீல் பையில புதுப் பால் சட்டி வெச்சிருந்தாங்க. ரிஜிஸ்டர் முடிஞ்ச கையோட போயிப் பால் காய்ச்சோணும்னு.

பன்னெண்டு மணிக்கு டோக்கன். துளசிமணி முந்தின நாளே பத்திரத்தை அடிச்சு வெச்சிருச்சு. அந்த வாரம் என்ற சொந்த வேலையும் ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு. மாரியம்மன் கோயில் வீதியில நான் குடியிருக்கற வீட்டை மக பேருக்கு எழுதி வெக்கலாம்னு, அதுக்கும் ஒரு பத்திரம் அதே கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. பத்தேமுக்காலுக்கு, நான் ஒருக்கா டீச்சர் பத்திரத்தைப் பாத்தர்றேன்னு துளசிமணியை எந்திரிக்கச் சொன்னேன். "சார், பாத்துட்டேன் சார், எல்லாம் சரியா இருக்குது"ன்னுச்சு. "டென்ஷன் ஆகாத!"ன்னு சொல்லிட்டு நான் உட்கார்ந்து, எழுத்தைப் பெருசு பண்ணி, அங்கிருந்து வெட்டி இங்க ஒட்டி, அழகு படுத்தி, பிரிண்டும் குடுத்தேன். அந்த நேரத்துல அந்தக் கம்ப்யூட்டர் என்னமோ பண்ணியிருக்குதுங்க. மெசினுக்கும் டென்ஷன் வரும்போல.

பதினொண்ணு. மணி அடிச்சேன்.

ஆபீஸே கோயில் மாதிரி ஆயிருச்சு. பார்ட்டிக ரெண்டு பேரும் பக்கம் பக்கமாக் கையெழுத்துப் போடறாங்க. சொத்து வெவரம் எழுதியிருக்கற கடைசித் தாளு வந்தப்ப டீச்சரம்மா ஒரு விரலைத் தூக்குனாங்க, பள்ளிக்கூடத்துல புள்ளைக தூக்கற மாதிரி. செவுத்துல 'அமைதி நேரம்'னு எழுதி மாட்டியிருந்த போர்டை நான் காட்டுனேன். விரலை எறக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒழுக்கம்னா அதுதானுங்க.

துளசிமணி அந்தத் தாளை எடுத்துப் பாத்துச்சு. பாத்ததும் எந்திரிச்சுச்சு. என்னைக் காட்டுது, தாளைக் காட்டுது, ரெண்டு கையையும் தலைக்கு மேல கூரை மாதிரி குவிக்குது, அப்பறம் கையை விரிச்சுப் போச்சு போச்சுன்னு ஆட்டுது. கோயமுத்தூர்ல கத்துட்டு வந்து நான் சொல்லிக் குடுத்த மூச்சுப் பயிற்சியைத் தப்பாச் செய்யுதேன்னு நான் எந்திரிச்சு, "இப்படி இழு, இப்படி விடு"ன்னு செஞ்சு காட்டுனேன். அது தலையில அடிச்சுக்கிச்சு. ஒரு சீட்டுல என்னமோ எழுதி நீட்டுச்சு. நான் படிக்காமக் கிழிச்சுக் கூடையில போட்டேன். சட்டம்னா சட்டம். பெரியநாயகம் ஐயா என்ற கையைப் புடிச்சு வாசப்பக்கம் இழுத்து, எங்க வீடு இருக்கற தெசையைக் காட்டி, ரெண்டு கையையும் கும்புட்டுக் காத்துல விட்டாரு. "ஐயா, கோயிலுக்கெல்லாம் சாயங்காலம் போயிக்கலாம்"ன்னேன். ரஹமத்நிஷா மட்டும் ஒண்ணும் செய்யல. நோட்டை எடுத்து வெச்சு என்னமோ எழுதிட்டிருந்துச்சு. அந்தப் புள்ளைதான் பயிற்சியைச் சரியாப் புரிஞ்சுக்கிச்சுன்னு நெனச்சேன்.

மூணு பேரும் இப்படி ஒரு நெலமையில இருக்கறப்ப பார்ட்டியை அனுப்பறது சரியில்லன்னு, பத்திரத்தை எடுத்துட்டு நானே ரெண்டு பேரையும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.

அங்க ஒரு மேடம் அதிகாரி. தங்கமான மனுசி, கூட்டத்துலயும் நிதானமாப் படிச்சுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. படிச்சாங்க. கடைசித் தாளுல நின்னுட்டாங்க.

"டீச்சர், நீங்க வாங்கற வீடு எங்க இருக்குது?"

"காந்தி நகருங்க மேடம்."

"இதுல மாரியம்மன் கோயில் வீதின்னு இருக்குதே. நீங்க எந்த வீட்டை விக்கறீங்க?"

ஞானப்பிரகாசம் முழிச்சாரு. "எனக்கு மாரியம்மன் கோயில் வீதியில வீடே இல்லீங்க."

"அப்ப இது யாரு வீடு?"

நான் எட்டிப் பாத்தேன். கதவு எண் இருவத்தேழு. கெழக்கே தையல்கடை, மேற்கே சந்து. "மேடம்... அது என்ற வீடுங்க."

"உங்க வீட்டை இவரு ஏன் விக்கறாரு?"

"அதானுங்களே! ஏனுங்க, என்ற வீட்டை நீங்க எப்படி விக்கலாம்?"ன்னு நான் ஞானப்பிரகாசத்தைக் கேட்டேன். அவரு, "நீங்கதானுங்க எழுதுனீங்க!"ங்கறாரு. டீச்சரம்மா பால் சட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. "இன்னைக்கு ஆகாதுங்களா? அவரு போயிருவாரே. இந்த மாசம் முப்பதோட நான் வாடகை வீட்டைக் காலி பண்ணோணுங்களே"ன்னாங்க. நான் மறுபடி ஞானப்பிரகாசத்தைப் பாத்து, "எப்படி விக்கலாம்?"ன்னேன்.

"கத்தாதீங்க"ன்னாங்க மேடம்.

"நான் கத்தல மேடம், அமைதியாத்தான் சொல்றேன்!"

நான் அப்படிச் சொன்னது வெளிய ரோட்டோரத்துல இருக்கற எளநிக்காரருக்குக் கேட்டுச்சாம். "என்ன, வீட்டை வித்துட்டீங்களாமே?"ன்னு சாயங்காலம் கேட்டாரு.

அப்ப பாருங்க, கூட்டத்தை விலக்கிட்டு மூணு பேரும் வர்றாங்க. துளசிமணி கையில புதுசா அடிச்ச கடைசித் தாளு. பெரியநாயகம் ஐயா அந்த வயசுல ஓடி வந்து எரைக்கறாரு. மேசை மேல தாளை வெச்சாங்க. ஒண்ணும் பேசல. மேடம் "என்ன இது?"ன்னாங்க. பேசல. காந்தி நகர்ங்கற எடத்தை விரலை வெச்சுக் காட்டறாங்க. ரஹமத்நிஷா ஆன்லைன்ல எல்லாம் சரியாத்தான் பதிஞ்சிருக்குதுன்னு கம்ப்யூட்டரைக் காட்டுது. பேச்சே இல்ல.

"என்னங்க, இவங்க மூணு பேருக்கும் பேச்சு வராதுங்களா?"

"அமைதி நேரமுங்க மேடம். மணி இன்னும் அடிக்கல."

"அப்ப அடிங்களேன்!"

மணி என்ற பாக்கெட்லதான் இருந்துச்சு. எடுத்து அடிச்சேன். அவ்வளவுதாங்க. மூணு பேரும் ஒட்டுக்காப் பேசுனாங்க பாருங்க, வருசக்கணக்குல சேத்து வெச்ச மாதிரி! என்ன சொன்னாங்கன்னு ஒண்ணும் வெளங்கல. நடுநடுவுல என்ற பேரு மட்டும் கேட்டுச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸே திரும்பிப் பாக்குது. மேடம் தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. ஆனா ஆன்லைன்ல சரியா இருந்ததால, தாளை மாத்தி, மறுபடி கையெழுத்து வாங்கி, அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க. ஞானப்பிரகாசம் கும்புடு போட்டுட்டு ஓடுனாரு, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. டீச்சரம்மா துளசிமணி கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "இனி யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாதுல்லீங்க?"ன்னு கேட்டாங்க. "முடியாதுங்க டீச்சர். நீங்க எவ்வளவு சத்தமா வேணும்னாலும் இருமலாம்"ன்னுச்சு துளசிமணி. ரெண்டு பேரும் அழுதாங்க. எனக்கும் என்னமோ ஆயிருச்சு. வெளிய வந்து ஒரு எளநி குடிச்சேன்.

சாயங்காலம் நோட்டைப் பாத்தேன். ரஹமத்நிஷா கையெழுத்து: '11.20. சார் தன் சொந்த வீட்டை விற்றுவிட்டார். யாரால: க.ச.' மறுபடி அந்த சர்வர்! இன்டர்நெட்காரருக்குப் போன் அடிச்சேன், எடுக்கல.

சரி, தப்பு நடந்துருச்சு, யாரு மேலன்னு கண்டுபுடிச்சாத்தான மனசு ஆறும்? மூணு பேரையும் உட்கார வெச்சு, ஒண்ணரை மணி நேரம், ஒருத்தரையும் திட்டாம, "யாரு, யாரு, சொல்லுங்க, யாரு?"ன்னு நெம்ப அன்பாத்தான் கேட்டேன். துளசிமணி எந்திரிச்சுச்சு. சாப்பாட்டு டப்பாவைப் பையில போட்டுச்சு, செருப்பை மாட்டுச்சு, போயிருச்சு.

மக்யா நாள் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. மூணாம் நாளு நானே டைப் அடிக்க உட்கார்ந்தேன். 'இந்தக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்'னு ஒரு வரி அடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிருச்சு. அந்த 'ழ' எங்க இருக்குதுன்னே தெரியல. துளசிமணிக்கு அது பாக்காமயே வரும். ஆபீஸ்ல ஒரு சத்தமில்ல. பெரியநாயகம் ஐயா முத்திரையைக் கூடக் கீழ போடல. நான் கேட்ட அமைதி அதுதானுங்க, சுத்தமான அமைதி. ஆனா எனக்குச் சோறு எறங்கல. அந்தக் காலி நாற்காலியைத் தொடச்சுத் தொடச்சு வெச்சேன். பத்தொம்பது வருசம். என்ற மக கல்யாணப் பத்திரிகையைக்கூட அதுதான் அடிச்சுது.

ஞாயித்துக்கெழமை ரெண்டு டஜன் ஆரஞ்சு வாங்கிட்டு அது வீட்டுக்குப் போனேன். அது வீட்டுக்காரரு என்னைப் பாத்ததும் டிவியை நிறுத்திட்டு, குளிக்கப் போறேன்னு போயிட்டாரு. குளிச்ச தலையோட.

"வா கண்ணு, ஆபீசுக்கு"ன்னேன். எனக்குக் கொரல் அவ்வளவு சின்னதா வரும்னு அன்னைக்குத்தான் தெரியும்.

துளசிமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச்சு. அப்பறம் சொல்லுச்சு: "சார், உங்க மேல எனக்கு மரியாதை இருக்குது. எம்புள்ள ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ராத்திரியெல்லாம் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தீங்க. மறக்கல. ஆனா நேராவே சொல்றேன். காலைல பத்துல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் நீங்க ஆபீஸ்ல இருந்தா நான் வரமாட்டேன்."

நான் அது மூஞ்சியையே பாத்தேன். கையில ஆரஞ்சுப் பை. கீழ வெக்கோணும்னுகூடத் தோணல.

அது என்னைப் பாத்துச்சு. என்ன நெனச்சுதோ, கொரலை மாத்திக்கிச்சு. "அதாவது சார்... நம்ம ஆபீஸ்ல எடத்தை நேர்ல போயிப் பாக்க ஆளே இல்ல. எல்லாம் பேப்பரைப் பாத்தே எழுதறோம். பெரிய ஆபீஸ்ல எல்லாம், அனுபவஸ்தர் ஒருத்தரு தெனமும் எடத்துக்கே போயி நாலு பக்கமும் பாத்துட்டு வருவாராம். அது பெரிய பொறுப்பு. பெரியநாயகம் ஐயாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. உங்களை விட்டா யாரு இருக்கா?"

ஏனுங்க, பத்தொம்பது வருசம் கூட இருந்தவங்களுக்குத்தான் நம்ம அருமை தெரியுது! நான் என்ன நெனச்சேன், இது கோவமாப் பேசுதுன்னு. கடைசியில பாத்தா எனக்கு ப்ரமோஷன் குடுத்திருக்குது. கண்ணைத் தொடச்சிட்டு அங்கயே ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தின்னேன்.

அன்னையிலிருந்து தெனமும் கெளம்பிருவேன். ஒரு நாளு கொமரலிங்கம், ஒரு நாளு தளி, ஒரு நாளு குடிமங்கலம். எடத்தைச் சுத்தி நடப்பேன். கெணறு, வரப்பு, எத்தனை தென்னை, எல்லாம் போட்டோ புடிச்சு ஆபீஸ் குரூப்ல போடுவேன். உடனே மூணு பேரும் கும்புடு போடுவாங்க. ஒரு நாளு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு, ரெண்டு மணிக்கே வர்றேன்னு போட்டேன். துளசிமணி உடனே போன் அடிச்சு, "சார், அந்தத் தென்னையெல்லாம் இன்னொருக்கா எண்ணிருங்க, ஒண்ணு கொறையற மாதிரி தெரியுது"ன்னுச்சு. எண்ணுனேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பொறுப்பைப் பாருங்க!

இப்ப நோட்டு காலியாக் கெடக்குது. ஒரு வரி இல்ல. சர்வரும் திருந்திருச்சு. டாக்டர் பட்டையைக் கட்டிப் பாத்துட்டு நூத்தி முப்பதுன்னாரு. "என்ன பண்ணுனீங்க?"ன்னாரு. "ஆபீஸ்ல டென்ஷனை ஒழிச்சிட்டேங்க"ன்னேன்.

விசயம் பரவிருச்சு. எங்க பத்திர எழுத்தர் சங்கக் கூட்டத்துல என்னைப் பேசச் சொன்னாங்க. அரை மணி நேரம் பேசுனேன். பேசி முடிச்ச மறுவாரமே பாருங்க, நாச்சிமுத்து ஆபீஸ்ல அவரு ஸ்டாஃப் எல்லாம் ஒண்ணாச் சேந்து, "நம்ம ஆபீஸ்லயும் எடம் பாக்க அனுபவஸ்தர் ஒருத்தரு வேணுங்க சார்"ன்னாங்களாம். அப்பறம் இன்னொரு ஆபீஸ். அப்பறம் இன்னொண்ணு. இப்ப மொத்தம் ஆறு மொதலாளிக. ஆறு பேரும் காலைல கெளம்பிருவோம். எடம் பாக்கற வேலை எவ்வளவு நேரம் ஆகும்? பதினொரு மணிக்கெல்லாம் கொழுமம் ரோட்டுல ஒரு பேக்கரியில கூடிருவோம். நாலு வரைக்கும் அங்கதான். டீ, பன்னு, பேச்சு. டென்ஷன் மேலாண்மை பத்தித்தான் பேச்சு. சாலைத் தொழிலாளிக ரெண்டு பேரு தள்ளி நின்னு டீ குடிப்பாங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே பேசுவோம்.

ஒரே ஒரு கவலை. அந்தப் பேக்கரிக்காரரு, மெய்யப்பன்னு பேரு. நாங்க போக ஆரம்பிச்சப்ப நல்லாச் சிரிச்சிட்டிருந்த மனுசன். இந்த ஒரு மாசமா ஆளே சரியில்லீங்க. டீயைத் தூரத்துல இருந்தே நீட்டிட்டுப் போயிர்றாரு. நாச்சிமுத்து நேத்து சக்கரை கம்மின்னு அமைதியாத்தான் சொன்னாரு, அதுக்கு அவரு பாட்டுக்குப் பின்பக்கம் போயி செவுத்தைப் பாத்துட்டு நிக்கறாரு. யாரால இப்படி ஆனாருன்னு தெரியல. வீட்ல ஏதாச்சும் இருக்கும். அவருக்கு ஒருவேளை...

ஆ, எடம் வந்துருச்சு. அதோ, செவப்புக் கலர் ஷட்டர் தெரியுது பாருங்க, அதான் கடை. நம்மாளுக அஞ்சு பேரும் வந்துட்டாங்க. மெய்யப்பன் வாசல்லதான் நிக்கறாரு. பஸ்ஸைப் பாக்கறாரு. என்னைப் பாத்துட்டாரு.

ஏனுங்க, ஷட்டரை எறக்கறாரே! பதினொரு மணிக்கு யாராச்சும் கடையை அடைப்பாங்களா? கண்டக்டர், நிறுத்துங்க, நிறுத்துங்க! நாச்சிமுத்தண்ணா, அந்த ஷட்டரைப் புடிங்க! விடாதீங்க, நல்லாப் புடிங்க! மெய்யப்பா, பயப்படாத, நாங்க இருக்கறோம்! அந்தாளு என்னமோ நெம்ப டென்ஷன்ல இருக்காருங்க, நான் போயி ஒரு ரெண்டு மணி நேரம் பேசிச் சரி பண்ணிட்டு வர்றேன்!